பம்ப் ஓடத் தொடங்கினால் 11-க்கு மேற்பட்ட நோடுகள் மட்டும் காணாமல் போகின்றன: கேன்ஓப்பனில் நேர அமைப்பு

இரவுப்பணி:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே தலைவலி. ஒரு பம்ப் லைன், கேன்ஓப்பன் (எல்லா மாட்யூல்களும் ஒரே இரட்டைக் கம்பியில், அதாவது ஒரே பஸ்ஸில், செய்தி அனுப்பும் முறை), விநாடிக்கு 250 கிலோபிட் வேகம், கேபிள் மொத்தம் 180 மீட்டர். லைனை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சி நோட் 1 (நோட் என்றால் பஸ்ஸில் மாட்டிய ஒரு கருவி), அதுதான் மாஸ்டர். 2, 3 இரண்டும் மோட்டாரை ஓட்டும் டிரைவ். 5, 6, 7 அனலாக் மாட்யூல்கள் (முறையே பிரஷர், ஃப்ளோ, டெம்பரேச்சர்). 8 முதல் 14 வரை டிஜிட்டல்.

பம்ப் ஸ்டார்ட் ஆகும் சமயத்தில் "நோட் 13 ஹார்ட்பீட் இல்லை" என்று, அதாவது அந்த நோட் அவ்வப்போது அனுப்ப வேண்டிய "உயிரோடு இருக்கிறேன்" செய்தி வரவில்லை என்று, அலாரம் அடித்து லைன் நிற்கிறது. சில நாள் 12, சில நாள் 14. 11-க்குக் கீழே ஒருநாளும் வந்ததில்லை. அலாரத்தை ரீசெட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் ஓடும்.

பவரை அணைத்துவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்தேன், 60 ஓம், டெர்மினேஷன் (கேபிளின் இரு முனையிலும் இருக்கும் ரெசிஸ்டர்) சரி. 13-ஆம் மாட்யூலையே கழற்றிப் புதிது போட்டேன். பலன் இல்லை. நோடுகள் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஹார்ட்பீட் அனுப்புகின்றன, மாஸ்டர் 150 வரை காத்திருந்தது. அதை 500 ஆக்கினேன். அலாரம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இப்போது நோடுகளை 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். அடிக்கடி சொன்னால் ஒன்றிரண்டு தவறினாலும் பரவாயில்லைதானே?

பழைய பேனல்:
பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் என்றால் அது டிரைவ் கிளப்புகிற மின் சத்தம் (நாய்ஸ்). பஸ் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா? ஷீல்டை (கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) எங்கே எர்த் செய்திருக்கிறீர்கள்? நேர அமைப்பைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். இருபது வருடத்தில் "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று என்னைக் கூப்பிட்டதில் பாதி, கழன்றுபோன ஒரு ஷீல்டுதான்.

கம்பிச்சுருள்:
20 மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு ஹார்ட்பீட் ஃபிரேமில் (ஃபிரேம் என்றால் பஸ்ஸில் போகும் ஒரு செய்தி) தகவல் ஒரே ஒரு பைட். ஸ்டஃபிங் (நடுவில் தானாகச் செருகப்படும் கூடுதல் பிட்கள்) எல்லாம் சேர்த்து மோசமாகப் போனால் 65 பிட், 250 கிலோபிட்டில் 0.26 மில்லிவிநாடி. 12 நோடும் 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பேசினால் பஸ்ஸில் 15 சதவீதத்துக்கு மேல் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதற்கே போய்விடும். ஏற்கெனவே பஸ் நிரம்பியிருந்தால் இது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

சீனியர் சொல்கிற ஷீல்டு விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்தத்துக்கு நோட் எண் தெரியாது. 11-க்கு மேல் மட்டும் அடிபடுகிறது என்றால் அங்கே வேறு ஏதோ வரிசை வேலை செய்கிறது.

கேன்ஓப்பனுக்கு அடித்தளமான கேனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் அடையாள எண் சிறியதாக இருப்பவர் ஜெயிப்பார், மற்றவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். (இனி நான் எழுதும் ஃபிரேம் எண், பொருள் எண் (மாட்யூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள எண்) எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண். நேர மதிப்புகள் மட்டும் சாதாரண எண்.) சிங்க் (எல்லாருக்கும் சேர்த்து அடிக்கும் மணி) 80. டிஜிட்டல் இன்புட் செய்தி 180-உடன் நோட் எண். மாஸ்டர் அனுப்பும் கட்டளை 200-உடன் நோட் எண். அனலாக் 280-உடன் நோட் எண். எஸ்டிஓ (மாட்யூலின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள செய்தி) 580, 600 பக்கம். ஹார்ட்பீட் 700-உடன் நோட் எண். அதாவது வரிசையின் கடைசியில் நிற்பது ஹார்ட்பீட். அதற்குள்ளேயும் கடைசியில் நிற்பது உங்கள் 12, 13, 14. பஸ்ஸில் இடம் பற்றாக்குறை வந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான்.

பம்ப் ஸ்டார்ட் ஆகும் அந்த ஐந்து விநாடிக்கு ஒரு கேன் லாக் (பஸ்ஸில் போன ஃபிரேம்களின் பதிவு) எடுத்துப் போடுங்கள். எர்ரர் ஃபிரேம் எத்தனை வந்தது என்பதையும் சொல்லுங்கள். எர்ரர் நிறைய இருந்தால் சீனியர் சொன்னதுதான் சரி.

புதுநோட்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு மோட்பஸ் மட்டும்தான் தெரியும். அங்கே மாஸ்டர் கேட்டால்தான் ஸ்லேவ் பேசும். இங்கே ஒவ்வொருவரும் தானாகப் பேசுவார்களா?

கம்பிச்சுருள்:
ஆமாம் தம்பி. மோட்பஸ்ஸில் தாமதம் வந்தால் அது மாஸ்டர் சுற்றி வருகிற நேரம், எளிதாகக் கணக்குப் போட்டுவிடலாம். இங்கே யார் எப்போது பேசலாம் என்பதை ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் போய் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஃபேக்டரியில் போட்டு அனுப்பிய மதிப்புப்படி பேசும், சில சமயம் மூச்சு விடாமல் பேசும்.

இரவுப்பணி:
லாக் எடுத்துவிட்டேன். எர்ரர் ஃபிரேம் பூஜ்யம். பம்ப் நின்றிருக்கும்போது பஸ் லோட் 12 சதவீதம் காட்டுகிறது. ஸ்டார்ட் ஆனதும் 97, 98. ஏறக்குறைய மூன்று விநாடி அப்படியே நின்று பிறகு இறங்குகிறது. நடுவிலிருந்து ஒரு துண்டு (விநாடி, அடையாள எண், பைட்):

12.40310 – 285 – 8
12.40358 – 286 – 8
12.40406 – 285 – 8
12.40454 – 286 – 8
12.40478 – 708 – 1
12.40526 – 285 – 8
12.40574 – 286 – 8

பக்கம் பக்கமாக இதேதான், 285, 286, 285, 286. நடுவில் எப்போதாவது ஒரு 182 அல்லது 708. இந்த நேரத்தில் 13-ஐ எஸ்டிஓ வழியாகப் படிக்கப் பார்த்தேன், டைம்அவுட். டிரைவ்களும் லிமிட் சுவிட்சும் மட்டும் எப்போதும் போல ஒழுங்காக இருந்தன. அதனால்தான் பஸ் நிரம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய பேனல்:
எர்ரர் பூஜ்யம் என்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பிரஷர் சென்ஸரின் வயர் ஷீல்டைப் பாருங்கள். பஸ்ஸில் சத்தம் இல்லை, சிக்னலில் இருக்கிறது.

கம்பிச்சுருள்:
சீனியர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். 5-உம் 6-உம்தான் குற்றவாளிகள். 8 பைட் ஃபிரேம் ஒன்று ஸ்டஃபிங் இல்லாமல் 111 பிட், அதிகம் போனால் 135. உங்கள் வேகத்தில் 0.44 முதல் 0.54 மில்லிவிநாடி. மாட்யூல் ஒவ்வொரு மில்லிவிநாடியும் சாம்பிள் எடுக்கிறது என்று நினைக்கிறேன். பம்ப் ஓடியதும் பிரஷரும் ஃப்ளோவும் நடுங்குகின்றன, ஒவ்வொரு சாம்பிளும் முந்தையதிலிருந்து மாறியிருக்கிறது, மாறினால் அனுப்பு என்று உத்தரவு. இரண்டு மாட்யூல், ஆளுக்கு அரை மில்லிவிநாடி. பஸ்ஸில் மிச்சம் என்ன இருக்கும்?

டிரைவும் லிமிட் சுவிட்சும் தப்பித்ததற்குக் காரணம் 180-உம் 200-உம் 280-ஐவிடச் சிறிய எண் என்பதுதான். அவை எப்போது வந்தாலும் அடுத்த ஃபிரேமில் நுழைந்துவிடும். 280-க்குப் பின்னால் நிற்கிற எஸ்டிஓவும் ஹார்ட்பீட்டும் மிச்சம் மீதியில் பிழைக்கின்றன. டெம்பரேச்சர் மெதுவாக மாறுகிற சரக்கு, அதனால் 7 பேசவே இல்லை.

5, 6 இரண்டிலும் 6423, 6426 மதிப்பைப் படித்துச் சொல்லுங்கள். 1801-இன் 2, 3, 5 ஆகிய உட்பிரிவுகளையும்.

இரவுப்பணி:
6423 = 1. 6426 எல்லாச் சேனலிலும் 0. 1801-இல் உட்பிரிவு 2 = 255, 3 = 0, 5 = 0.

கம்பிச்சுருள்:
எதிர்பார்த்ததுதான். 6423 என்பது அனலாக் மாறினால் தானாக அனுப்புவதற்கான மெயின் சுவிட்ச். அது 0 ஆகவே வரும். புதிதாக வேலை செய்பவர்கள் "அனலாக் மதிப்பு வரவே இல்லை" என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இதைக் கண்டுபிடித்து 1 ஆக்குவார்கள். வந்துவிட்ட சந்தோஷத்தில் 6426-ஐ மறந்துவிடுவார்கள். 6426 எவ்வளவு மாறினால் அனுப்ப வேண்டும் என்ற அளவு. 0 என்றால் ஒரே ஒரு எண்ணிக்கை நகர்ந்தாலும் அனுப்பிவிடும்.

1801 அந்த அனலாக் செய்தியை எப்போது அனுப்புவது என்ற அமைப்பு. அதில் 2-ஆம் உட்பிரிவு அனுப்பும் முறை. 255 என்றால் நிகழ்வு நடந்தால் அனுப்பு. 1 முதல் 240 வரை போட்டால் அத்தனை சிங்குக்கு ஒருமுறை அனுப்பு. 3-ஆம் உட்பிரிவு இன்ஹிபிட் டைம், ஒருமுறை பேசிய பிறகு எவ்வளவு நேரம் வாய் திறக்கக் கூடாது என்பது. 5 ஈவென்ட் டைமர், ஒன்றுமே மாறாவிட்டாலும் இவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பேசு என்பது. ஒன்று மேல்மூடி, ஒன்று அடித்தட்டு. உங்களிடம் இரண்டும் இல்லை.

5-க்கும் 6-க்கும் இன்ஹிபிட் 20 மில்லிவிநாடி, ஈவென்ட் டைமர் 500 மில்லிவிநாடி போடுங்கள். 6426 முழு அளவில் 0.1 சதவீதம் இருக்கட்டும். முழு அளவு 32767 என்றால் 33 வரும்.

நான்காம் பிட்:
6426-ஐச் சரியாகப் போட்டாலே போதுமே, இன்ஹிபிட் எதற்கு? இன்ஹிபிட் போட்டால் தகவல் 20 மில்லிவிநாடி தாமதமாகும். கன்ட்ரோல் லூப்பில் எனக்கு அது பிடிக்காது.

கம்பிச்சுருள்:
இரண்டு விஷயம். முதல் மாற்றத்தை இன்ஹிபிட் தாமதப்படுத்தாது. அமைதியாக இருந்த மாட்யூல் மாற்றம் கண்டதும் உடனே அனுப்பிவிடும், அதற்குப் பிறகுதான் 20 மில்லிவிநாடி வாய்ப்பூட்டு. அடுத்து, 6426 சாதாரண நாளுக்கு. பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது பிரஷர் உண்மையாகவே ஏறி இறங்குகிறது, 0.1 சதவீதத்தை ஒவ்வொரு சாம்பிளிலும் தாண்டும். பஸ்ஸைக் காப்பாற்ற வேண்டியதும் அந்த மூன்று விநாடியில்தான். நாளைக்கு ஒரு சென்ஸர் வயர் தளர்ந்து ஆடினாலும் கதை இதேதான். மோசமான நாளில் இந்த மாட்யூல் எவ்வளவு பேசும் என்பதற்கு இன்ஹிபிட் ஒன்றுதான் உத்தரவாதம் தரும்.

அதிருக்கட்டும், உங்கள் லூப் எத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது? பிரஷர் லூப்பை 50-இல் ஓட்டிக்கொண்டு மதிப்பை 1-இல் வாங்கி என்ன செய்யப் போகிறோம்?

நான்காம் பிட்:
முதல் மாற்றம் உடனே போய்விடும் என்பதை யோசிக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். லூப் 100-இல் ஓடுகிறது, அதைக் கேட்காமலேயே இருந்திருக்கலாம் :)

இரவுப்பணி:
1801-இன் 3-இல் 20 எழுதப் போனேன், மறுக்கிறது. 08000022 என்று வருகிறது. கம்பெனி கையேட்டில் அந்தப் பொருளுக்கு எழுத அனுமதி உண்டு என்றுதான் போட்டிருக்கிறது.

நான்காம் பிட்:
இது எனக்குத் தெரியும். "இப்போதைய நிலையில் எழுத முடியாது" என்பதுதான் அந்தக் குறியீடு. பிடிஓ (285 போன்ற தகவல் செய்தி) உயிரோடு இருக்கும்போது இன்ஹிபிட் டைமை மாற்றக் கூடாது என்பது கேன்ஓப்பன் தரமான சிஐஏ 301-இன் விதி. முதலில் 1801-இன் 1-ஆம் உட்பிரிவில் 31-ஆம் பிட்டை 1 ஆக்கிப் பிடிஓவை அணையுங்கள். பிறகு 3-ஐயும் 5-ஐயும் எழுதுங்கள். பிறகு அந்த பிட்டைத் திரும்ப 0 ஆக்குங்கள். சில மாட்யூல்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்வரை பழைய மதிப்பிலேயே ஓடும். அது இதைவிடப் பெரிய தொல்லை.

இரவுப்பணி:
அணைத்து, எழுதி, திறந்தேன். ஏற்றுக்கொண்டது. 5, 6 இரண்டிலும் 3-இல் 20, 5-இல் 500. பம்பை ஆறு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பஸ் லோட் 98-இலிருந்து 60 பக்கம் வந்திருக்கிறது. அலாரம் வரவில்லை. ஆனால் உங்கள் கணக்குப்படி இதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டாமா?

கம்பிச்சுருள்:
லாகில் 285-க்கும் அடுத்த 285-க்கும் இடைவெளி எவ்வளவு?

இரவுப்பணி:
2 மில்லிவிநாடி. அட.

கம்பிச்சுருள்:
இன்ஹிபிட் டைமின் அலகு 100 மைக்ரோவிநாடி. 20 என்று எழுதினால் 2 மில்லிவிநாடி. 20 மில்லிவிநாடி வேண்டுமானால் 200 எழுத வேண்டும். அதே பொருளில் இரண்டு படி தள்ளி இருக்கிற ஈவென்ட் டைமருக்கு அலகு மில்லிவிநாடி. சிங்க் இடைவெளி 1006-இல் போனால் அது மைக்ரோவிநாடி. ஒரே மாட்யூலில் மூன்று அலகு! இதை யோசித்தவர்களை நான் மனசுக்குள் திட்டாத மாதம் இல்லை. நானும் ஒருமுறை 1006-இல் 10 என்று எழுதி, 10 மைக்ரோவிநாடிக்கு ஒரு சிங்க் கேட்ட பெருமை எனக்கு உண்டு. முழு பஸ்ஸும் 80 என்ற ஒரே எண்ணைத்தான் கத்தியது.

எழுதியதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், லாகில் இடைவெளியை அளந்து பாருங்கள்.

புதுநோட்:
எல்லாவற்றையும் சிங்க்கில் போட்டுவிட்டால் இந்தச் சண்டையே வராதே? மாஸ்டர் மணி அடிக்கும், எல்லாரும் ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார்கள்.

நான்காம் பிட்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லிவிநாடிக்கு ஒரு சிங்க். 12 நோடும் 8 பைட் என்று வைத்தால், மணி அடித்த உடனே 12 × 0.54, அதாவது 6.5 மில்லிவிநாடிக்கு ஊர்வலம். மிச்சம் 3.5. அதற்குள் மாஸ்டர் இரண்டு டிரைவுக்கும் ஏழு டிஜிட்டல் மாட்யூலுக்கும் கட்டளை அனுப்ப வேண்டும், அதே அளவு ஃபிரேம் என்றால் 4.9. இடம் பத்தாது. சராசரியில் நன்றாகத் தெரிகிற பஸ் இப்படித்தான் நெரிசலில் மூச்சுத் திணறும்.

ஒரே நொடியில் எடுத்த அளவு தேவைப்படுகிறவர்களுக்குத்தான் சிங்க். இங்கே அது இரண்டு டிரைவுக்கும் தேவைப்படலாம். 1006-இல் 20000, டிரைவுகளுக்கு அனுப்பும் முறை 1. அனலாக்கை 5 என்று போட்டால் ஐந்து சிங்குக்கு ஒருமுறைதான் என்று நினைப்போம், ஆனால் மூன்று அனலாக்கும் அதே ஐந்தாவது சிங்க்கில் ஒன்றாக வந்து நிற்கும். புதிய மாட்யூல்களில் சிங்க் கவுன்டரும், தொடக்க எண்ணுக்கு உட்பிரிவு 6-உம் இருக்கும். அதில் ஆளுக்கொரு எண் கொடுத்தால் தள்ளித் தள்ளி வருவார்கள். பழைய மாட்யூலில் அது கிடையாது.

பழைய பேனல்:
வேகத்தை 500 ஆக்கிவிட்டால் எல்லாம் பாதியாகிவிடுமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 180 மீட்டர் கேபிள் வைத்துக்கொண்டு 500 கிலோபிட் கனவு வேண்டாம். கேன்ஓப்பன் பரிந்துரை 250-க்கு 250 மீட்டர், 500-க்கு 100 மீட்டர்தான்.

இரவுப்பணி:
200 எழுதினேன். பம்ப் ஸ்டார்ட்டில் பஸ் லோட் 17 சதவீதம்! 285-க்கு 285 சரியாக 20 மில்லிவிநாடி. நேற்று இரவு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை வந்து பார்த்தால் திரும்ப 98. ராத்திரி யாரோ பேனல் பவரை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். 1801 எல்லாம் பழையபடி 0.

கம்பிச்சுருள்:
1010-இல் "சேவ்" என்ற நான்கு எழுத்தின் குறியீட்டை எழுதினீர்களா? அதுவரை மாட்யூல் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும்.

இரவுப்பணி:
எழுதினேன், பிறகு பவரை அணைத்துப் போட்டேன். மறுபடியும் 0. மாட்யூலைத் தனியாக மேஜையில் வைத்துப் போட்டால் 200 அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் மாட்டினால் போய்விடுகிறது.

நான்காம் பிட்:
அப்படியானால் உங்கள் பிஎல்சிதான் அழிக்கிறது. நோட் விழித்தெழுந்து பூட்அப் செய்தி அனுப்பியதும், மாஸ்டர் தன் புராஜெக்டில் இருக்கிற மதிப்புகளை ஒவ்வொன்றாக எஸ்டிஓவில் திரும்ப எழுதும். அங்கே இன்ஹிபிட் 0 என்று இருக்கும். லேப்டாப்பில் எழுதியதை விடுங்கள், புராஜெக்டில் அந்த நோடின் பிடிஓ பக்கத்தைத் திறந்து அங்கே மாற்றி டவுன்லோடு செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: சில எடிட்டரில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே "மில்லிவிநாடி" என்று இருக்கும், 20 போட்டால் அதுவே 200 ஆக்கி அனுப்பும். சிலவற்றில் நேரடி மதிப்பு. மறுபடியும் லாகைப் பாருங்கள்.

கம்பிச்சுருள்:
கையோடு ஹார்ட்பீட்டையும் ஒழுங்குபடுத்திவிடுங்கள். நீங்கள் முதலில் வைத்திருந்த 100-க்கு 150 என்பது ஒன்று தவறினாலும் அலாரம் என்ற அமைப்பு, அது யாருக்கும் ஒத்துவராது. நோட் அனுப்பும் இடைவெளியான 1017-இல் 500, மாஸ்டர் காத்திருக்கும் நேரமான 1016-இல் 1200 போதும். இரண்டு ஹார்ட்பீட் தொடர்ந்து தவறினால்தான் அலாரம். டிரைவ் பாதுகாப்பாக நிற்பதற்கு இதை நம்பியிருக்கக் கூடாது, எமர்ஜென்சி ஸ்டாப் தனி வயரில்தானே இருக்கிறது?

இரவுப்பணி:
தனி வயர், தனி ரிலே, அதில் சந்தேகம் வேண்டாம். புராஜெக்டில் மாற்றிவிட்டேன். எடிட்டர் நேரடி மதிப்புதான் கேட்டது, 200 போட்டேன். பவரை மூன்று முறை அணைத்துப் போட்டும் நிலைத்திருக்கிறது. ஹார்ட்பீட்டும் நீங்கள் சொன்னபடி. பழைய பேனல் சார், பிரஷர் சென்ஸர் ஷீல்டு இரண்டு முனையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டேன், நடுக்கம் பாதியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி. நோட் 9-இல் ஒரு பிராக்ஸிமிட்டி சென்ஸர் எண்ணிக்கை எடுக்கிறது. நேற்றிலிருந்து குறைவாக எண்ணுகிறது, 400 போனால் 371, 380 என்று. இதற்கும் நேர அமைப்புக்கும் சம்பந்தம் உண்டா? டிஜிட்டல் மாட்யூல்களுக்கும் அதே 200 போட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று.

கம்பிச்சுருள்:
சம்பந்தம் உண்டு, அந்த 200-தான். பல்ஸ் எவ்வளவு நீளம்?

இரவுப்பணி:
15 மில்லிவிநாடி இருக்கும்.

கம்பிச்சுருள்:
9-இல் எட்டு இன்புட்டும் ஒரே செய்தியில் போகின்றன. பக்கத்து இன்புட்டில் ஒரு லிமிட் சுவிட்ச் மாறினால் செய்தி போகும், வாய்ப்பூட்டு தொடங்கும். அந்த 20 மில்லிவிநாடிக்குள் உங்கள் 15 மில்லிவிநாடி பல்ஸ் எழுந்து விழுந்துவிட்டால், பூட்டு திறக்கும்போது இன்புட் பழையபடி 0. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று மாட்யூல் சும்மா இருந்துவிடும். அனலாக்கில் நடுவில் ஒன்றிரண்டு மதிப்பு போனால் கவலையில்லை, அடுத்தது வந்துவிடும். டிஜிட்டலில் போனது போனதுதான்.

9-இல் 1800-இன் (டிஜிட்டல் செய்திக்கான அதே அமைப்பு) 3-ஆம் உட்பிரிவை 0 ஆக்குங்கள். இன்புட் ஃபில்டர் 3 மில்லிவிநாடி இருந்தால் சென்ஸர் நடுங்கினாலும் பஸ் நிரம்பாது. மற்ற டிஜிட்டல் மாட்யூல்களுக்கு 50, அதாவது 5 மில்லிவிநாடி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பிஎல்சி ஸ்கேன் 15-க்கு மேல் இருந்தால் பஸ்ஸைச் சொல்லிப் பயனில்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

இரவுப்பணி:
ஸ்கேன் 8. 9-க்கு 0, மற்றவற்றுக்கு 50 போட்டாச்சு. ஒரு ஷிப்ட் ஓட்டினேன், கையால் எண்ணிப் பார்த்த 400-க்கு பிஎல்சியிலும் 400. பம்ப் ஸ்டார்ட்டில் லோட் 18.